அப்பா மறுபடி வண்டி எடுக்கலாமா? உட்கார வைத்துச் சோதிப்பது எப்படி

"அண்ணே, அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம் ஆச்சு. கை கால் எல்லாம் வந்துருச்சு, டாக்டரும் நல்லாருக்காருன்னுட்டார். இனி கார் எடுக்கலாமாண்ணே?"

மதுரையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படிப் போன் செய்கிறார்கள். ஸ்ட்ரோக் இல்லையென்றால் சுகர், அதுவும் இல்லையென்றால் கண் ஆபரேஷன், முட்டி ஆபரேஷன், "கொஞ்சம் மறதிதான்ணே". டாக்டர் நல்லாருக்கார் என்று சொல்வது நோயைப் பற்றி. பி.பி. கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரை வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். காளவாசல் சிக்னலில் இடது பக்கமாக நுழைகிற ஷேர் ஆட்டோ அவர் கண்ணில் படுமா என்று டாக்டர் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. அதைப் பார்க்கும் வழியைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்பது, வீட்டில் என்ன பார்ப்பது, ரோட்டில் என்ன பார்ப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

முதலில் காகிதம்

லைசென்ஸ் விண்ணப்பத்தோடு படிவம் 1 என்று ஒரு தாள் இருக்கும், நம் உடல்தகுதிக்கு நாமே கொடுக்கிற உறுதிமொழி. யாரும் படிப்பதில்லை. எங்கள் பள்ளியிலேயே ஒரு காலத்தில் நாங்களே டிக் அடித்துக் கையெழுத்து மட்டும் வாங்குவோம், தப்புதான். உட்கார்ந்து படித்தால் அதுவே நல்ல சோதனைப் பட்டியல். வலிப்போ திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா (கண்ணாடி போட்டுப் படித்தாலும் சரி), கை கால் இழப்போ அசைவில், பலத்தில் குறையோ உண்டா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் காதில் விழுகிறதா என்று வரிசையாகக் கேட்கிறது. 40 வயதைத் தாண்டியவர்களும், வாடகை வண்டி, லாரி, பஸ் ஓட்டுகிறவர்களும் இதோடு படிவம் 1-ஏவில் டாக்டர் சான்றும் வாங்க வேண்டும். அந்தச் சான்று இரண்டே நிமிடத்தில் கையெழுத்தாகி வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்லி யாரும் வெளியே கூட்டிப் போனதில்லை. அதனால்தான் இந்த வேலை வீட்டுக்காரர்கள் தலையில் விழுகிறது.

சட்டத்துக்குப் பல் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, நோயோ குறைபாடோ காரணமாக ஒருவர் ஓட்டத் தகுதியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால் ஆர்.டி.ஓ. எப்போது வேண்டுமானாலும் லைசென்ஸை ரத்து செய்யலாம், அல்லது புதிதாக மருத்துவச் சான்று கேட்கலாம். தகுதியில்லாத நிலை தெரிந்தே ஓட்டினால் 186-ஆம் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த முறை 2,000 வரை. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்கப் போகிற கேள்விகளோடு ஒப்பிட்டால் இந்த அபராதமெல்லாம் ஒன்றுமேயில்லை.

அதே சட்டம் முன்பைவிட இளகியும் இருக்கிறது. காது கேளாதவர்களுக்குக் கார் லைசென்ஸ் கொடுக்கலாம் என்று 2016-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. லேசான, நடுத்தர நிறக்குருடு இருப்பவர்களும் ஓட்டலாம் என்று 2020-இல் விதி திருத்தப்பட்டது. கை கால் குறைபாடு உள்ளவருக்கு அவருக்காக மாற்றிய வண்டியை மட்டும் ஓட்டுகிற லைசென்ஸ் உண்டு. உங்கள் ஊர் டிஎன் 58-ஆ, 59-ஆ, 64-ஆ என்று பார்த்து அந்த அலுவலகத்தில் நேரே விசாரியுங்கள். "அதெல்லாம் கிடைக்காது சார்" என்று வாசலில் நிற்கிற புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள்.

கண்

25 மீட்டரை அளக்க டேப் வேண்டாம். கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், அதாவது 20 மீட்டரும் கொஞ்சமும். அந்த நீளத்தைக் கற்பனை செய்துகொண்டு இன்னும் ஆறேழு தப்படி நடந்து நில்லுங்கள். அவருக்கு மனப்பாடமாகாத வண்டியாகப் பாருங்கள், சொந்த வண்டி நம்பரை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள். முதலில் இரண்டு கண்ணாலும், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி. ஒரு கண்ணில் மட்டும் மங்கலாக இருப்பது பல பேருக்கு இப்படித்தான் முதல்முதலாகத் தெரிய வருகிறது.

இதில் பாஸானால் கண் முடிந்தது என்று நினைக்காதீர்கள், பெரிய ஆபத்து பக்கப்பார்வையில்தான் இருக்கிறது. குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோய் ஓரத்திலிருந்துதான் பார்வையைத் தின்னும். நடுப்பார்வை கடைசி வரை கூர்மையாக இருக்கும், அவர் பேப்பர் படிப்பார், நம்பர் பிளேட்டையும் படிப்பார். ஓரத்தில் இருட்டாகக்கூடத் தெரியாது, மூளை அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். சுகரால் விழித்திரை கெட்டு அதற்கு நிறைய லேசர் வைத்துக்கொண்டவர்களுக்கும் பக்கப்பார்வையும் இரவுப்பார்வையும் குறைந்திருக்கலாம். வீட்டில் பார்ப்பதற்கு ஒரு வழி: எதிரெதிரே இரண்டு மூன்று அடி தூரத்தில் உட்காருங்கள். அவர் இடது கண்ணை மூடட்டும், நீங்கள் வலது கண்ணை. அவர் பார்வை உங்கள் திறந்த கண்ணைவிட்டு அசையக் கூடாது. உங்கள் கையை இருவருக்கும் நடுவில், பக்கவாட்டில் எட்டத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டு வாருங்கள். உங்களுக்குத் தெரிகிற அதே நேரத்தில் அவருக்கும் தெரிய வேண்டும். மேலே, கீழே, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அடுத்த கண். இது வெறும் வீட்டுச் சோதனைதான், சின்ன ஓட்டைகளைக் காட்டாது. சந்தேகம் இருந்தால் கண் ஆஸ்பத்திரியில் "ஃபீல்டு டெஸ்ட்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, எங்கெங்கோ மினுக்குகிற வெளிச்சத்துக்குப் பட்டனை அழுத்துகிற சோதனை அது. 1976-இல் 11 படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்க்காரர் கண் விஷயத்தில் சாக்குச் சொல்ல முடியாது. போகும்போது அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள், கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து போட்டால் நாலைந்து மணி நேரத்துக்காவது வெயில் கூசும், பார்வை கலங்கும்.

அப்புறம் இரவு. புரை வளர்கிறவருக்குப் பகலில் எல்லாம் சரியாக இருக்கும், ரிங் ரோட்டில் எதிரே லாரி லைட் அடித்தால் மூன்று நான்கு நொடி ஒன்றுமே தெரியாது. "நைட்ல எதிர்ல வர்றவன் எல்லாம் ஹை பீம் போடுறான்" என்று யாராவது புதிதாகக் குறைப்பட ஆரம்பித்தால், ஊரையே திட்டுமுன் அவர் கண்ணைக் காட்டுங்கள். (ஊர்க்காரர்களும் ஹை பீம்தான் போடுகிறார்கள், அது வேறு கதை.) ஒரு கண் பார்வை முழுதாகப் போனவர், அதற்கு முன் ஐந்து வருடமாவது லைசென்ஸ் வைத்திருந்தால், ஸ்டியரிங் பக்கம் வெளிக்கண்ணாடி உள்ள சொந்தக் காரை ஓட்ட விதியில் இடமிருக்கிறது. ஆனால் தூரத்தைக் கணிக்கப் பழகச் சில மாதமாகும், அவசரப்பட வேண்டாம்.

சுகர்

சுகர் ஏறிக் கிடப்பதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். ஓட்டும்போது ஆளைக் கவிழ்ப்பது சுகர் இறங்குவது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை போடுபவர்களுக்கும் இது நடக்கும். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு அபூர்வம். அதனால் முதல் கேள்வி, "அப்பா என்ன மாத்திரை போடுகிறார்?" சீட்டை எடுத்துப் பாருங்கள்.

70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்குச் சொல்கிற கணக்கை நம் அளவில் மாற்றினால் 90 வரும்: 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓட்டு, ஓட்டும் முன் ஒரு தடவை குத்திப் பார், நீண்ட பயணமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார், இறங்கிவிட்டால் ஓரங்கட்டிச் சர்க்கரை சாப்பிட்டு, அளவு சரியான பிறகும் 45 நிமிடம் பொறு. ஏன் 45 நிமிடம் என்றால், ரத்தத்தில் ஏறினாலும் மூளை தெளியக் கொஞ்ச நேரமாகும். கையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ இருக்க வேண்டும். "டேஷ்போர்டுல கடலை மிட்டாய் வச்சிருக்கேன்" என்பார்கள். கடலையில் எண்ணெய்ச்சத்து இருப்பதால் இனிப்பு மெதுவாகத்தான் ஏறும், அந்த நேரத்துக்கு அது உதவாது, அப்புறம் மெல்லலாம். நான் அதிகம் பயப்படுவது கிருத்திகை விரதம் என்று மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு பழனிக்குக் கார் எடுக்கிறவர்களைப் பார்த்துத்தான்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி இன்னொன்று: சுகர் இறங்கும்போது அவருக்கே தெரிகிறதா? கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் நல்லது, வண்டியை நிறுத்துவார். பல வருடச் சுகர்க்காரர்களுக்கு இந்த எச்சரிக்கை மழுங்கிப்போகும், வீட்டில் உள்ளவர்கள்தான் "ஏன் ஒரு மாதிரி பேசுறாரு" என்று கண்டுபிடிப்பார்கள். அப்படிப்பட்டவர் டாக்டர் சரிசெய்து கொடுக்கும் வரை சாவியைத் தொடக் கூடாது. இதில் நான் யாரிடமும் சமரசம் பேசுவதில்லை.

பாதமும் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லிக் கால் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக மேலே, கீழே அசைத்து, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவருக்குப் பெடல் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதும் தெரியாது. செருப்பு கழன்று விழுவதே தெரியாமல் நடப்பவர் என்றால் சோதனையே வேண்டாம், அதுவே விடை.

ஸ்ட்ரோக்

என் அப்பாவுக்கே வந்தது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். மூளையின் வலது பக்கம், இடது கை கால் விழுந்து மூன்று மாதத்தில் தேறிவிட்டார். நடை நன்றாக இருந்தது, பேச்சு முன்பு மாதிரியே கிண்டல். ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் கவனித்தேன், இலையில் இடது மேல் ஓரத்தில் வைத்த உப்பு, ஊறுகாய், இனிப்பு மூன்றும் அப்படியே இருந்தன. வலது பக்கம் சுத்தம். "ஊறுகாயே வைக்கலையேப்பா" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். கண்ணில் குறையில்லை, மூளைக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. இப்படிப்பட்டவர் ஓட்டினால் நம் ஊரில் இடது பக்கம் யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: நடந்து போகிறவர், சைக்கிள், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். காரின் இடது கண்ணாடியும் இடது கதவும் அடிக்கடி உரசி வந்தால் சந்து குறுகல் என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

கை கால் திரும்பியதை மட்டும் பார்க்காமல் மூளை வேகத்தையும் பாருங்கள். ஒரு வட்டம் வரைந்து கொடுத்து, கடிகாரமாக எண்கள் போட்டு 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்லுங்கள். எண்கள் ஒரு பக்கமே குவிந்தாலும், முள் தவறினாலும் நரம்பு டாக்டரிடம் அந்தத் தாளோடு போங்கள். இன்னொன்று, தாளில் 1 முதல் 13 வரை எண்களையும் அ முதல் ஔ வரை எழுத்துகளையும் கலைத்துப் போட்டு, 1-அ-2-ஆ-3-இ என்று கோடு இழுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிகளில் ஆங்கில எழுத்தோடு செய்கிற முறையான சோதனையிலும் 13 எண், 12 எழுத்துதான், நம் உயிரெழுத்து கச்சிதமாகப் பொருந்துகிறது. அங்கே மூன்று நிமிடத்தைத் தாண்டினால் ஓட்டுவது பற்றிச் சந்தேகப்படுவார்கள். நம் வீட்டுத் தாளுக்கு அப்படி மதிப்பெண் கிடையாது. எழுத்திலிருந்து எண்ணுக்குத் தாவும்போது எங்கே சிக்குகிறார், தப்பு செய்தது அவருக்கே தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். பிரிட்டனில் ஸ்ட்ரோக் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது, பஸ், லாரி என்றால் ஒரு வருடம். அந்த ஒரு மாதத்தை ஆரம்பக் கணக்காக வைத்துக்கொள்ளலாம், முடிவாக இல்லை.

மறதிக்கும் இதே தாள்கள்தான். அதோடு ஒரு விஷயம்: அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "லாரி வருது, நிறுத்துங்க, இப்ப திருப்புங்க" என்று வழி முழுதும் சொல்லிக்கொண்டே வந்தால் அந்தக் காரை ஓட்டுவது இரண்டு பேர். அம்மா இல்லாமல் ஒரு நாள் அனுப்ப உங்களுக்குத் தைரியம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வாதாட இடமில்லை. பிரிட்டனில் ஒரு வருடம் வலிப்பு வராமல் இருந்தால் கார் ஓட்டலாம், நம் விதியில் அப்படிக் கால அளவே இல்லை. படிவம் 1-இல் "ஆம்" என்று எழுதினால் லைசென்ஸ் கிடையாது. பத்து வருடமாக வலிப்பே வராதவருக்கு இது அநியாயம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அதற்காக "இல்லை" என்று எழுதச் சொல்லி யாருக்கும் நான் சொல்வதில்லை. நெஞ்சுவலி, ஆஞ்சியோ, பைபாஸ் எல்லாம் இதய டாக்டர் நாள் குறித்துக் கொடுக்கிற விஷயம், பைபாஸில் நெஞ்செலும்பு கூடும் வரை ஸ்டியரிங்கும் வேண்டாம், சீட் பெல்ட் அழுத்தமும் வேண்டாம்.

தூக்கமும் மாத்திரையும்

குறட்டை பலமாக விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிறாரா? டி.வி. முன்னால், பஸ்ஸில், சாப்பிட்ட பிறகு, சிக்னலில் நிற்கும்போது? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்தித் தூக்கச் சோதனைக்கு அனுப்புங்கள். இது நல்ல செய்தி உள்ள நோய், மாஸ்க் மாட்டித் தூங்கும் இயந்திரம் வைத்தால் பலர் தெளிந்துவிடுகிறார்கள். சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை, அல்பிரசோலம், நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரிகாபலின், டிரமடால், சில இருமல் சிரப், இவையெல்லாம் தூக்கம் தரும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டதெல்லாம் சீட்டில் இருக்காது, கேட்டால்தான் வெளியே வரும். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளால் முன்னறிவிப்பே இல்லாமல் தூக்கம் அடிக்கும், அதை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

கை கால்

வீட்டிலேயே ஒரு நடைச் சோதனை. பத்து அடி தூரத்துக்குக் கோடு போட்டு, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்து, திரும்பி வரச் சொல்லுங்கள், கைத்தடி இருந்தால் அதோடு. ஒன்பது நொடியைத் தாண்டினால் கால் பலத்தையோ சமநிலையையோ டாக்டர் பார்க்க வேண்டும். கழுத்துக்கு, டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பின்னால் பத்து அடியில் நின்று விரல் காட்டி எத்தனை என்று கேளுங்கள். திரும்பவே முடியாதவருக்குக் கூடுதல் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

கை கால் இழந்தவர்களுக்கு விடை பெரும்பாலும் வண்டியில் இருக்கிறது. இடது காலில் மட்டும் குறை என்றால் ஆட்டோமேட்டிக் கார் போதும். வலது கால் இல்லையென்றால் இடது காலால் அழுத்துகிற ஆக்சிலரேட்டர். இரண்டு காலும் இல்லையென்றால் கையால் இயக்குகிற பிரேக்கும் ஆக்சிலரேட்டரும், ஒரே கைக்காரருக்கு ஸ்டியரிங்கில் ஒரு குமிழ். மெக்கானிக்கிடம் வெல்டு வைத்துப் போய்விடாமல் முறைப்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றுங்கள், இன்சூரன்ஸுக்கும் எழுதுங்கள். மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைத்த வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணம் கிடையாது, கப்பலூர் டோல்கேட்டில் வாக்குவாதம் வந்தால் காட்ட அந்த ஆர்.சி.தான் வேண்டும். இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் தகுதியுள்ளவர்களுக்கு அரசே இலவசமாகக் கொடுக்கிறது, கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஊனச் சான்றுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போதே உடல்மறுவாழ்வுத் துறை டாக்டரிடம் "என்ன மாதிரி வண்டி எனக்கு ஒத்துவரும்" என்று கேட்டுவிடுங்கள், ஒரு நடையில் இரண்டு வேலை.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், "கார் இல்லண்ணே, எக்ஸ்எல்தான்" என்று ஏதோ சின்ன விஷயம் போலச் சொல்வார்கள். இரண்டு சக்கரம்தான் கஷ்டம். சமநிலை வேண்டும், நிற்கும்போது காலை ஊன்ற வேண்டும், தலையைத் திருப்பினால் கிறுகிறுப்பு வருகிறவர் அதோடு காலி. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு காருக்கு முன்னால் நிறுத்த வேண்டியது எக்ஸ்எல்லை.

நிற்கிற வண்டி, பிறகு ஓடுகிற வண்டி

இதுவரை பார்த்ததில் சிக்கல் இல்லையென்றால் மட்டும் இங்கே வாருங்கள். நிறுத்திய காரில் இன்ஜினை அணைத்து உட்கார வையுங்கள். தானே ஏறினாரா, பெல்ட் போட்டாரா, கண்ணாடி சரி செய்தாரா என்று பேசாமல் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரில் காலை வைத்திருக்கச் சொல்லி, எதிர்பாராத நேரத்தில் "பிரேக்!" என்று சொல்லுங்கள். இருபது தடவை. முதல் ஐந்து நன்றாக வரும், கடைசி ஐந்தைப் பாருங்கள். ஒரு தடவை கால் மாறி ஆக்சிலரேட்டரிலேயே அழுத்தினாலும் அன்றைக்கு ரோடு கிடையாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர் கார் நகரும், அரை நொடித் தாமதம் என்றால் எட்டு மீட்டர், அந்த எட்டு மீட்டரில் ஒரு வேன் அடங்கும்.

ரோட்டுச் சோதனையைச் சொந்தக் காரில் செய்யாதீர்கள். பயிற்சிப் பள்ளியில் இரட்டைப் பிரேக் உள்ள காரை எடுங்கள், பக்கத்தில் பயிற்சியாளர், நீங்கள் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு. மாற்றிய வண்டி தேவைப்படுகிறவருக்கு இது பொருந்தாது, அவரவர் வண்டியில் மைதானத்திலிருந்து தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கே.கே. நகர், அண்ணா நகர் உள்தெருக்களில் ஆரம்பிப்பேன். முதல் பத்து நிமிடம் எதையும் குறிக்க மாட்டேன், பதற்றம் போகட்டும். ஆனால் மொத்தம் முக்கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும், ஏனென்றால் நோய்க்காரர்கள் தடுமாறுவது களைப்பு வந்த பிறகுதான். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு "பிரமாதம்" என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. அதில் தேறினால் இன்னொரு நாள் அழகர்கோவில் சாலை, போக்குவரத்து இருக்கிற நேரத்தில். அதிலும் தேறினால் ரிங் ரோடும் நான்குவழிச் சாலையும், திருமங்கலம் பக்கம் நடுத்தடுப்பு இடைவெளியில் பைக்குகள் குறுக்கே வருமே, அந்த மாதிரி இடத்தில். மாசி வீதிக்குள் சோதிக்காதீர்கள், அங்கே எல்லோருமே ஃபெயில்.

நான் பார்ப்பது கியர் மாற்றும் நேர்த்தியை இல்லை. முப்பது வருடம் ஓட்டியவருக்குக் கை தானாக ஓட்டும், ஆள் தூக்கத்தில்கூடக் கியர் போடுவார், அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பழக்கமில்லாத ஒன்று வரும்போது என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். "அடுத்த பெட்ரோல் பங்க் தாண்டி முதல் இடது, அங்கே பள்ளிக்கூட வாசலில் நிறுத்துங்க" என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொல்வேன். நினைவில் வைத்து, ரோட்டையும் பார்க்கிறாரா? எதிர்வண்டிகளைக் கடந்து வலது திரும்பும்போது இடைவெளியைச் சரியாகக் கணிக்கிறாரா, அல்லது யோசித்துக்கொண்டே பாதி ரோட்டில் நிற்கிறாரா? வயதானவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். பேச்சுக் கொடுத்தால் வேகம் குறைந்துகொண்டே போகிறதா? தப்பு நடந்தால் "அடடா" என்கிறாரா, "அவன் மேல தப்பு" என்கிறாரா? இரண்டாவது ரகம் எனக்குக் கவலை. தன் குறை தெரிந்தவர் தானே பார்த்து ஓட்டுவார், தெரியாதவரிடம் எந்த நிபந்தனையும் எடுபடாது. கடைசியில் என் குறிப்பேட்டில் ஒரே எண் முக்கியம், என் காலடியில் இருக்கும் பிரேக்கை நான் எத்தனை தடவை அழுத்த வேண்டி வந்தது. ஒரு தடவைகூடக் கூடாது.

முடிவு முழு ஆமாகவோ முழு இல்லையாகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை. பகலில் மட்டும், பைபாஸ் வேண்டாம், ஆட்டோமேட்டிக் மட்டும், பேரன் பேத்தி இல்லாமல், இப்படி வரையறை போடலாம். கண் கூசுவதற்கும் மூட்டு வலிக்கும் இது பொருந்தும். சுகர் இறங்குவது, மயக்கம், மறதி, இவற்றுக்குப் பொருந்தாது, பக்கத்துத் தெருக் கடைக்குப் போகும்போதும் மயக்கம் வரும். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர் என்றால் அளவுகோலை இன்னும் இறுக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்குப் பயந்து சுகரை மறைக்கிற டிரைவர்கள் நிறைய. அவரைக் காட்டிக்கொடுப்பதைவிட ஓனரிடம் பேசி இரவு ஓட்டம், ஸ்கூல் வேன் இரண்டையும் விட்டு வேறு வேலைக்கு மாற்றப் பாருங்கள். நான் பார்த்தவரை பாதி ஓனர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

சொல்லும் விதம் ஒன்று இருக்கிறது. சாவியை ஒளித்து வைத்தால் மாற்றுச் சாவி செய்துகொள்வார்கள், எங்கள் தெருவில் நடந்தது. "டாக்டர் சொன்னார்" என்றால் பிள்ளை சொல்வதைவிடக் கேட்பார்கள். போகிற வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ரேஷனுக்கு யார் கூட்டிப் போவது, கோயிலுக்கு எந்த ஆட்டோ. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை.

55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குத் தருவார்கள், நோய் ஐந்து வருடம் காத்திருக்காது. குளுக்கோமா, பார்க்கின்சன், மறதி இருப்பவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி உட்கார வையுங்கள், காலண்டரில் குறித்துவிடுங்கள். ஸ்ட்ரோக்கில் இது தலைகீழாகவும் நடக்கும், இன்று தோற்றவர் ஆறு மாதம் கழித்துத் தேறலாம். அப்பாவை ஒன்பதாவது மாதம் பள்ளிக் காரில் ஏற்றினேன். இலையில் ஊறுகாய் அதற்குள் காலியாக ஆரம்பித்திருந்தது, இடது கண்ணாடியை அவராகவே பார்த்தார், வலது திருப்பம் சுத்தம். கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு தடவை என் பிரேக்கைத் தொட வேண்டி வந்தது, இரண்டுமே இடது பக்கச் சைக்கிளுக்கு. இன்னும் மூன்று மாதம் போகட்டும் என்றேன். "உன் கால்தாண்டா சும்மா இருக்க மாட்டேங்குது, அதுக்கு என்னை எதுக்கு ஃபெயில் போடுற" என்று சொல்லிவிட்டு இறங்கி, டீக்கடைப் பக்கம் நடந்தார்.